ஜிகாபிட் இணைப்பில் பெரிய கோப்பு அனுப்ப எந்த நெறிமுறை? தொடங்குவோருக்கான செய்முறை

காட்பாடியிலிருந்து மும்பை சர்வருக்குப் பெரிய கோப்புகளை அனுப்புகிறவர்கள், ஜிகாபிட் இணைப்பிலும் வேகம் வராதபோது, டிசிபியை (தரவு வந்து சேர்ந்ததா என்று ஒப்புகை பெற்று உறுதிசெய்யும் நெறிமுறை) கைவிட்டு, யுடிபி (ஒப்புகைக்குக் காத்திராத எளிய நெறிமுறை) வழியில் இயங்கும் நெறிமுறைகளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு பெருக்கலைச் செய்து பாருங்கள்.

படி 1: பிங் (ping) கட்டளை கொடுத்து, தரவு சர்வருக்குப் போய்வரும் நேரத்தை அறிந்து, அதை இணைப்பின் வேகத்தால் பெருக்குங்கள். 40 மில்லி விநாடி, விநாடிக்கு 1 ஜிகாபிட் என்றால் விடை 40 மெகாபிட், அதாவது 5 மெகாபைட். 'கிடைத்தது' என்ற ஒப்புகை பெறுபவரிடமிருந்து திரும்புவதற்குள் அவ்வளவு தரவு வழியில் இருந்தால்தான் இணைப்பு நிரம்பும். சத்துவாச்சாரியில் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் இரு கணினிகளுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது.

படி 2: விண்டோ அளவை, அதாவது ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவின் அளவைச் சரிபாருங்கள்; என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான். 1981இல் வரையறுக்கப்பட்ட டிசிபி தலைப்பில் (ஒவ்வொரு பாக்கெட்டின், அதாவது தரவுத் துண்டின், முன்பகுதி) விண்டோவுக்கு 16 பிட் மட்டுமே உண்டு; அதாவது 65,535 பைட். 40 மில்லி விநாடித் தொலைவில் அது வெறும் 13 மெகாபிட் வேகத்தையே தரும். 1992இல் வந்த விண்டோ ஸ்கேலிங் இந்த வரம்பை நீக்கியது. ஆனால், இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் அதை ஏற்க வேண்டும். இடையிலுள்ள ஃபயர்வால் (போக்குவரத்தை வடிகட்டும் பாதுகாப்புக் கருவி) அந்த விருப்பத்தை அகற்றிவிட்டால் பழைய வரம்புக்கே திரும்புவோம். அதோடு, லினக்ஸில் அனுப்பும் பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) உச்சவரம்பு வழக்கமாக 4 மெகாபைட்தான். அனுப்பும் முனையில் அதையும், பெறும் முனையில் பெறும் பஃபரின் உச்சவரம்பையும் 16 மெகாபைட்டாக உயர்த்துங்கள்.

படி 3: ஐபெர்ஃப்3 (iperf3) என்ற வேகம் அளக்கும் கருவியில் ஒரே இணைப்பை மட்டும் திறந்து அளவிடுங்கள். வேகம் காட்டும் இணையதளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. பல இணைப்புகளை ஒருசேரத் திறக்கும் தளங்களில் ஒற்றை இணைப்பின் விண்டோ வரம்பு தெரியாமலே போகும்.

படி 4: இப்போது, டிசிபி எவ்வளவு வேகமாக அனுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நெரிசல் கட்டுப்பாட்டு முறையைத் தேர்வு செய்யலாம். பாக்கெட் இழப்பு அரிதென்றால், 2006 முதல் லினக்ஸில் இயல்பாக உள்ள க்யூபிக் (CUBIC) முறை போதும். நெரிசல் இல்லாமலே இழப்பு நேரும் வழித்தடத்தில், க்யூபிக் ஒவ்வொரு இழப்பையும் நெரிசலாகக் கருதி வேகத்தைக் குறைக்கும். அங்கே கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் (BBR) முறையைத் தேர்ந்தெடுங்கள். அதை அனுப்பும் கணினியில்தான் அமைக்க வேண்டும். பதிவிறக்கம் மெதுவாக இருந்தால் உங்கள் கணினியில் மாற்றிப் பயனில்லை.

பிற்சேர்க்கை: இவை அனைத்தையும் செய்தும் வேகம் 400 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்று ராணிப்பேட்டை வாசகர் ஒருவர் எழுதினார். அவர் அனுப்பியது எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற மறையாக்க இணைப்பு வழியாக. அதற்குப் பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள், டிசிபி விண்டோவுக்கு மேல் தனக்கென 2 மெகாபைட் விண்டோ வைத்திருக்கிறது; 40 மில்லி விநாடியில் அது சுமார் 420 மெகாபிட்டுக்கு மேல் விடாது. கோப்புகளைப் பிரித்து, மூன்று எஸ்எஸ்ஹெச் இணைப்புகளில் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.