தலா அரசுச் செலவு: நாடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலா அரசுச் செலவு என்றால் அரசுச் செலவை மக்கள்தொகையால் வகுத்து வரும், ஒரு ஆளுக்கான தொகை. மில்லியனையும் பில்லியனையும் குழப்புவது, பழைய மக்கள்தொகையால் வகுப்பது எல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. அவை சரிபார்க்கும்போதே மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் கடைசி அட்டவணை வரை வந்து உட்கார்ந்துகொள்ளும் தவறுகளைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப விழுவதும் அவற்றில்தான்.

தப்பான 'செலவு' வரிசையை எடுப்பது

உலக வங்கித் தரவுத்தளத்தில் அரசுச் செலவு என்று தேடினால் இரண்டு தரவு வரிசைகள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, 'செலவினம், ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) சதவீதத்தில்'. மற்றது, 'பொது அரசின் இறுதி நுகர்வுச் செலவு'. பெயரைப் பார்த்தால் இரண்டும் நாம் தேடியது போலவே இருக்கும். இரண்டுமே அதுவல்ல.

முதலாவது பெரும்பாலும் மத்திய அரசின் கணக்கு. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தங்கள் சொந்த வருவாயில் செய்யும் செலவு அதில் வராது. சாலை, கட்டடம் போன்ற மூலதனச் செலவும் வராது. இரண்டாவதில் எல்லா மட்ட அரசுகளும் உண்டு. ஆனால் பணமாகக் கொடுக்கும் ஓய்வூதியம், வேலையில்லாதோர் உதவி, கடன் வட்டி, மூலதனச் செலவு எதுவும் கிடையாது.

அமெரிக்காவின் 2019 கணக்கை வைத்துப் பாருங்கள். இறுதி நுகர்வு ஜிடிபியில் சுமார் 14 சதவீதம். மத்திய அரசின் செலவினம் சுமார் 22. எல்லா மட்டங்களையும் சேர்த்த மொத்தச் செலவு சுமார் 36. தலா ஜிடிபி ஏறத்தாழ 65,000 டாலர் என்று வைத்தால், ஒரு ஆளுக்கு 9,000, 14,000, 23,000 டாலர் என மூன்று விடைகள் வரும். எந்த வரிசை என்று சொல்லாமல் இதில் ஒன்றை எடுத்துப் போடும் அட்டவணைகளுக்குக் குறைவே இல்லை.

கூட்டாட்சி நாடுகளில்தான் இது நடக்கும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. டென்மார்க் ஒற்றையாட்சி நாடு. ஆனாலும் அங்கே பொதுச்செலவில் பாதிக்கு மேல் நகராட்சிகளும் வட்டார நிர்வாகங்களும்தான் செய்கின்றன. பிரான்ஸில் சமூகப் பாதுகாப்பு நிதிகளின் கணக்கு மத்திய பட்ஜெட்டுக்கு வெளியே இருக்கிறது. பட்ஜெட் உரையில் வந்த தொகையை மக்கள்தொகையால் வகுத்தால் இரண்டு நாடுகளுமே சிக்கனமானவையாகத் தெரியும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று மத்திய பட்ஜெட்டையும் மாநில பட்ஜெட்டுகளையும் அப்படியே கூட்டுகிறவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். மையம் மாநிலத்துக்குத் தரும் 100, மாநிலம் பள்ளிக்குச் செலவிடும் அதே 100, இரண்டும் சேர்ந்து 200 ஆகிவிடும். ஒருங்கிணைத்த கணக்கில் இந்த உள்பரிமாற்றம் கழிக்கப்பட்டிருக்கும். அதனால் ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் உலகப் பொருளாதாரக் கண்ணோட்டத் தரவில் 'பொது அரசின் மொத்தச் செலவு' வரிசையை எடுங்கள். ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு), யூரோஸ்டாட் (ஐரோப்பிய ஒன்றியப் புள்ளியியல் அலுவலகம்) தரவானால் பொது அரசைக் குறிக்கும் எஸ்.13 என்ற துறைக்குறியைப் பாருங்கள். நாட்டுவாரி அடிக்குறிப்பை விடாமல் படியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எதுவரை அரசுச் செலவு என்ற எல்லைத் தகராறு தீராது. சுவிட்சர்லாந்தில் மருத்துவக் காப்பீடு 1996 முதல் எல்லோருக்கும் கட்டாயம். அந்தப் பிரீமியம் அரசுச் செலவில் சேராது. நெதர்லாந்திலும் 2006 முதல் தனியார் நிறுவனங்கள்தான் கட்டாயக் காப்பீட்டை நடத்துகின்றன. அங்கே அது சமூகப் பாதுகாப்பாக அரசுக் கணக்கில் ஏறுகிறது. குடும்பத்துக்கு இரண்டும் கட்டியே தீர வேண்டிய பணம்தான். ஓஇசிடியின் சுகாதாரத் தரவோ 'அரசு மற்றும் கட்டாயத் திட்டங்கள்' என்று இரண்டையும் ஒரே தலைப்பில் வைக்கிறது. அமெரிக்காவின் மொத்தச் சுகாதாரச் செலவில் அந்தத் தலைப்பின் பங்கு 2014-ல் பாதியளவிலிருந்து ஐந்தில் நான்குக்கு மேல் தாவுகிறது. காப்பீடு சட்டப்படி கட்டாயமானதால் தனியார் காப்பீட்டுச் செலவும் அந்தத் தலைப்புக்கு மாறியது, அவ்வளவுதான். அதை 'அரசு அள்ளிக் கொடுத்தது' என்று எழுதினால் மானம் போகும்.

கொடுத்த பணத்தில் எவ்வளவு வரியாகத் திரும்பிப் போகிறது என்பதையும் பாருங்கள். டென்மார்க், ஸ்வீடனில் ஓய்வூதியத்துக்கும் உதவித்தொகைக்கும் வருமான வரி உண்டு. 1,000 கொடுத்து 300 வரி பிடிக்கும் நாடும், வரியில்லாமல் 700 கொடுக்கும் நாடும் குடிமகனுக்கு ஒன்றுதான். இந்த வரியைக் கழித்து, வரிச்சலுகைகளையும் தனியார் சமூகச் செலவையும் சேர்த்து ஓஇசிடி 'நிகர மொத்தச் சமூகச் செலவு' என்று ஒரு கணக்கு தருகிறது. அதில் அமெரிக்கா பிரான்ஸுக்கு அடுத்த இடம் வரை ஏறியிருக்கிறது.

சந்தை மாற்று விகிதத்தில் டாலராக்குவது

2017 சர்வதேச விலை ஒப்பீட்டில் ஒரு டாலருக்குச் சந்தை விகிதம் 65.12 இந்திய ரூபாய், வாங்கும் திறன் அடிப்படையில் (அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க ஆகும் தொகை) 20.65. மூன்று மடங்கு வித்தியாசம். ஆசிரியர், செவிலியர் சம்பளம் உள்ளூர் விலையில் நடப்பதால் அதற்கு வாங்கும் திறன் விகிதமே பொருந்தும். ஆனால் இறக்குமதியாகும் போர் விமானத்துக்கும் வெளிநாட்டுக் கடன் வட்டிக்கும் சந்தை விகிதத்தில்தான் பணம் போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போடாதீர்கள்.

வகுக்கும் எண்

ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 29 சதவீதம். நைஜீரியாவில் 15 வயதுக்குட்பட்டவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். ஓய்வூதியத்தை முதியோர் எண்ணிக்கையாலும், கல்விச் செலவை மாணவர் எண்ணிக்கையாலும் வகுத்தால்தான் ஏதாவது புரியும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் குடிமக்கள் மிகச் சிறுபான்மை. பல சலுகைகள் அவர்களுக்கு மட்டும். லக்சம்பர்க்கில் சம்பளக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்கள். பலன் அவர்களுக்கும் போகிறது, ஆனால் மக்கள்தொகையில் அவர்கள் இல்லை. அதனால் அங்கே தலா செலவு ஊதித் தெரியும்.

2020

கோவிட் ஆண்டு. ஒப்பீட்டு ஆண்டாக வைக்கவே வேண்டாம்.

அயர்லாந்தின் ஜிடிபி சதவீதம்

பன்னாட்டு நிறுவன லாபத்தால் ஜிடிபி வீங்கியது, அதனால் செலவின் சதவீதம் சிறுத்துத் தெரியும். அந்த வீக்கத்தைக் கழித்துத் திருத்திய தேசிய வருமானமான ஜிஎன்ஐ ஸ்டார் எடுங்கள்.

செலவையே பயனாக எண்ணுவது

அரசுப் பள்ளிக்கும் காவல் நிலையத்துக்கும் சந்தை விலை இல்லாததால், தேசியக் கணக்குகளில் அவற்றின் உற்பத்தி மதிப்பு செலவை வைத்தே போடப்பட்டு வந்தது. சம்பளத்தை உயர்த்தினால் நடப்பு விலையில் 'உற்பத்தி'யும் உயரும். பிரிட்டனில் 2005-ல் வந்த அட்கின்சன் ஆய்வு இதைத்தான் சாடியது: எத்தனை சிகிச்சை, எத்தனை மாணவர், என்ன தரம் என்று எண்ணச் சொன்னது.

ஆகவே மொத்தத் தொகையோடு நிற்காமல், ஐ.நா.வின் பத்துப் பிரிவுச் செலவு வகைப்பாட்டில் பிரியுங்கள். கடன் வட்டி பெரும்பாலும் முதல் பிரிவான 'பொதுச் சேவைகளில்' ஒளிந்திருக்கும். குடிமகனுக்கு இந்த ஆண்டு எந்தச் சேவையும் தராத அதைத் தனியே எடுத்துவையுங்கள். மீதியில் சுகாதாரத்துக்கு எதிரே ஆயுட்காலத்தை மட்டும் வைத்தால் போதாது. உணவு, புகையிலை, சாலை விபத்து எல்லாம் அதில் கலந்திருக்கும். உரிய சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய மரணங்களின் விகிதத்தை வையுங்கள். கல்வித் தேர்ச்சியை அதே ஆண்டுச் செலவோடு பொருத்தாதீர்கள். 15 வயது மாணவருக்கு முந்தைய ஒன்பது, பத்து ஆண்டுச் செலவைக் கூட்டித்தான் பொருத்த வேண்டும்.