வீட்டு கராஜ்ல சூப்பர்சார்ஜர் இன்ஜினப் பிரிச்சு வேலை பாக்குறது: ப்யூக் 3800

என்கிட்ட இருக்குறது 2001 ப்யூக் ரீகல் ஜிஎஸ், இங்க ஒன்டாரியோல ஓஷாவா ஃபேக்டரில செஞ்ச வண்டி. உள்ள ஜிஎம்மோட 3800 சீரிஸ் டூ சூப்பர்சார்ஜர் (காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற பம்ப்) இன்ஜின், எல்67னு சொல்லுவாங்க, 3.8 லிட்டர் வி6, 240 எச்பி. 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டுனதும் ஆயில் குடிக்க ஆரம்பிச்சிடுச்சு, 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், காலைல ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை, ஹைவேல மிதிச்சா இழுவையே இல்ல. வேற இன்ஜின் வாங்கிப் போட்டுடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, ஆனா பழைய வண்டி உடைக்குற யார்டுல கிடைக்குறதும் இதே வயசு இன்ஜின்தானே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், அதனால இதையே இறக்கிப் பிரிச்சேன். வேலை முடிய ஒரு குளிர்காலம் பூராவும் ஆச்சு.

வீட்டுல செய்யணும்னா இந்த இன்ஜின் ரொம்ப நல்ல இன்ஜின். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, கேம் பிளாக்குக்குள்ளயே இருக்கு, புஷ்ராட் வச்சு வால்வு திறக்குது, டைமிங் செயின் ஒன்னே ஒன்னு குட்டியா. ப்யூக் 60கள் தொடக்கத்துல கொண்டு வந்த வி6 வம்சம் இது, 67ல கைசர் ஜீப்புக்கு வித்துட்டு 74ல திரும்ப வாங்குனாங்க, 2008ல ஃப்ளின்ட்ல கடைசியா நிறுத்துனாங்க. அத்தனை வருஷம் ஓடுனதால பார்ட்ஸுக்குப் பஞ்சம் இல்ல.

சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின் தேஞ்சா சும்மா ஆயில் குடிச்சுக்கிட்டே இன்னும் அம்பதாயிரம் ஓடும். இது அப்படி இல்ல. மேல உக்காந்திருக்குற ஈட்டன் எம்90 ஒரு சுத்துக்கு 90 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் காத்த உள்ள தள்ளுது. ரிங் (பிஸ்டனச் சுத்தி சிலிண்டர் சுவத்தோட அடைச்சுக்குற வளையம்) தேஞ்சுடுச்சுன்னா அந்த அழுத்தம் கீழ கிராங்க்கேஸுக்குப் போகுது, அங்கருந்து பிசிவி (கிராங்க்கேஸ் ஆவிய வெளிய விடுற வால்வு) வழியா ஆயில் ஆவியோட திரும்ப இன்டேக்குக்கு வருது, ஆயில் கலந்த காத்து சீக்கிரம் தட்டுது, அதாவது நேரங்கெட்டு தானா வெடிக்குது, இந்த நாக்கிங் வந்தா கம்ப்யூட்டர் ஸ்பார்க் டைமிங்கப் பின்னாடி இழுக்குது, இழுவை போகுது, அதையும் மீறித் தட்டுனா பிஸ்டன்ல ரிங் உக்காருற விளிம்பு உடையுது. ஒன்னு ஒன்னா சங்கிலி மாதிரி. அதனால வெறும் ரிங்க மாத்திட்டு மூடிடலாம்னு நெனைக்காதீங்க, அளந்து பாத்து எங்க ஆரம்பிச்சுதுன்னு கண்டுபிடிக்கணும்.

பிரிக்குறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுதுன்னு கேஜ் வச்சுப் பாக்குறது. இன்ஜின் சூடா இருக்கணும், ஆறு பிளக்கும் கழட்டணும், ஃப்யூல், இக்னிஷன் ஃப்யூஸ் எடுத்துடணும், த்ராட்டில் முழுசா திறந்து வச்சு ஸ்டார்ட்டர் அடிக்கணும். ஜிஎம் கணக்கு என்னன்னா, குறைஞ்ச சிலிண்டர் அதிகபட்ச சிலிண்டர்ல 70 சதவீதத்துக்குக் கீழ இருக்கக் கூடாது, எதுவுமே 100 பிஎஸ்ஐக்குக் கீழ வரக் கூடாது. எனக்கு 4ஆம் சிலிண்டர் 85, மத்தது 125லருந்து 140. 4ல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி அடிச்சேன், 120க்கு ஏறிடுச்சு, அப்ப வால்வு இல்ல, ரிங் பக்கம்தான்னு தெரிஞ்சுது. (ரேடியேட்டர் பக்கம் 1, 3, 5, உள்பக்கம் 2, 4, 6. ஃபயரிங் ஆர்டர் 1-6-5-4-3-2. இத ஒரு அட்டைல எழுதி சுவத்துல ஒட்டிடுங்க.)

இறக்குறது நீளமான வேலைதான் ஆனா கஷ்டமான வேலை இல்ல. பேட்டரிய கழட்டு, ஃப்யூல் ரெயில்ல இருக்குற வால்வுல துணிய வச்சு அழுத்தத்த வெளிய விடு, பானெட்ட எடு, கூலன்ட், ஆயில் வடி. ஏசி லைன திறக்கவே வேணாம், கம்ப்ரஸரோட சேத்து ஒதுக்கிக் கம்பி போட்டுக் கட்டிடலாம். கியர்பாக்ஸ விட்டுப் பிரிக்குறப்ப டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் கூடவே நிக்கணும், இன்ஜினோட இழுத்துட்டு வந்தா பம்ப் சீல் போயிடும். இன்ஜின் சுமார் 200 கிலோ, 2 டன் கிரேன் வாடகைக்கு எடுங்க, தொங்குறப்ப அதுக்கு அடியில கையோ காலோ ஒரு நொடி கூட வைக்காதீங்க. ஒவ்வொரு கனெக்டரும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, ஒவ்வொரு போல்ட் கூட்டமும் தனித்தனி ஜிப் கவர்ல, கவர் மேல மார்க்கர்ல பேர். நாலு மாசம் கழிச்சு எந்த போல்ட் எங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சூப்பர்சார்ஜர முதல்லயே தனியா கழட்டி மேசைல வச்சுடுங்க, வாய் ரெண்டையும் டேப் போட்டு மூடிடுங்க, ஒரு சின்ன வாஷர் உள்ள விழுந்தா கூட ரோட்டர் காலி. இதுக்குன்னு தனி ஆயில் இருக்கு, இன்ஜின் ஆயில் இல்ல, மூக்குப் பக்கம் இருக்குற பிளக்கத் திறந்து சிரிஞ்சு போட்டு உறிஞ்சுங்க, பழைய ஆயில் அழுகுன முட்டை மாதிரி நாறும், கராஜ் கதவத் திறந்து வச்சுக்கங்க. ஐடில்ல டீசல் வண்டி மாதிரி கடகடன்னு சத்தம் வந்துட்டிருந்தா அது பெரும்பாலும் கப்ளர், புல்லி ஷாஃப்ட்டையும் ரோட்டர் கியரையும் இணைக்குற சின்ன துண்டு, ஓட்டைங்க நீள்வட்டமா தேஞ்சிருக்கும். மூக்க மட்டும் கழட்டி அத மாத்திடலாம், விலையும் கம்மி. அதுக்கு மேல போகாதீங்க. ரோட்டர் ரெண்டும் கியர் வச்சு டைமிங் பண்ணது, வீட்டுல பிரிச்சா அந்த இடைவெளிய திரும்பக் கொண்டு வர முடியாது. கையால சுத்திப் பாருங்க, சொரசொரன்னு இல்லாம வழுக்கிட்டுப் போனா பேரிங் நல்லாருக்கு. பைபாஸ் வால்வு கையும் தள்ளுனா தடையில்லாம போயிட்டுத் திரும்பணும்.

பிளாக்கப் பிரிக்குறப்ப ரெண்டு விஷயம். கிராங்க்க பிளாக்கோட பிடிச்சு வச்சிருக்குற மூடி, அதாவது மெயின் கேப்புக்கு கீழ இருந்து வர்ற போல்ட் மட்டும் இல்ல, பக்கவாட்டுல இருந்தும் போல்ட் இருக்கு, அத எடுக்காம கேப்பத் தட்டாதீங்க. அப்புறம் ரோலர் லிஃப்டர், புஷ்ராட், ராக்கர், எல்லாம் எந்தக் குழில இருந்து வந்துச்சோ அதே குழிக்குத்தான் திரும்பப் போகணும், முட்டை அட்டைல நம்பர் போட்டு அடுக்குங்க. நான் 4ஆம் பிஸ்டன வெளிய எடுத்ததும் விஷயம் தெரிஞ்சு போச்சு, மேல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்குற விளிம்புல விரல் நகம் அளவு துண்டு இல்ல. சிலிண்டர் சுவத்துல மேல இருந்து கீழ கோடு.

மெஷின் ஷாப்புல போர் கேஜ் வச்சு அளந்தாங்க, தேய்மானமும் கோடும் சேந்து ஹோனிங்ல (கல்லு வச்சு லேசா தேய்க்குறது) போகாது, 0.030 அங்குலம் ரீபோர் (சிலிண்டரக் கடைஞ்சு பெருசாக்குறது) பண்ணனும்னு சொன்னாங்க. இங்க அவசரப்படாதீங்க, பிஸ்டன வாங்கி ஷாப் கையில குடுத்த பிறகுதான் போர் பண்ணச் சொல்லணும், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இடைவெளிக் கணக்கு வேற. பிஸ்டன் வாங்குறப்பவும் பாத்து வாங்குங்க. சாதா 3800க்கு கம்ப்ரஷன் 9.4, நம்மளுக்கு 8.5, பேரு ஒன்னுங்குறதால கடைல சாதா பிஸ்டன எடுத்துக் குடுத்துடுவாங்க, அதப் போட்டா பூஸ்ட்ல (சூப்பர்சார்ஜர் தள்ளுற அழுத்தத்துல) தட்டித் தட்டியே உடையும். எனக்கும் முதல்ல அதான் வந்துச்சு, பாக்ஸ்ல இருந்த நம்பரப் பாத்து திருப்பி அனுப்புனேன். ஹெட்டையும் அங்கயே குடுத்து வால்வு கைடு, சீட்டு, சமதளம் பாக்கச் சொல்லிடுங்க, கிராங்க்க பாலிஷ் பண்ணி அளந்து வாங்குங்க.

பிளாக் திரும்ப வந்ததும் "கழுவியாச்சு"ன்னு சொல்லுவாங்க. நீங்க மறுபடி கழுவுங்க. ஹோனிங் கல்லோட தூள் அந்தக் குறுக்குக் கோட்டுக்குள்ள உக்காந்திருக்கும், பெட்ரோல், தின்னர் எதுக்கும் அது வராது, சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்பும் நீளமான பிரஷ்ஷும்தான். தேய்ச்சு அலசி, வெள்ளத் துணில கியர் ஆயில் நனைச்சு சுவத்தத் துடைங்க. எனக்கு முதல் துணி பென்சில் கரி மாதிரி சாம்பலா வந்துச்சு, ஷாப்புல கழுவுனதுக்கு அப்புறமும். ஆறு தடவ சோப்பு போட்டப்புறம்தான் துணி வெள்ளையாவே வந்துச்சு. ஆயில் போற ஓட்டை ஒவ்வொன்னுலயும் பிரஷ் விட்டு ஏர் அடிங்க. முடிஞ்ச உடனே ஆயில் தடவிடணும், பச்ச இரும்பு சில நிமிஷத்துலயே துரு பிடிச்சுடும்.

இப்ப ரிங் கேப், அதாவது ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. இந்த வேலைல ஒரே ஒரு இடத்துல மட்டும் நிதானம் காட்ட முடியும்னு சொன்னா நான் இங்கதான் காட்டுவேன். பூஸ்ட் இன்ஜின்ல மேல் ரிங் அதிகமா சூடாகும், சூடானா நீளும், ரெண்டு முனையும் ஒன்னோட ஒன்னு முட்டிடுச்சுன்னா அப்புறம் போக இடமில்லாம சுவத்தக் கீறும், இல்லன்னா பிஸ்டன் விளிம்ப உடைக்கும். பொதுவான கணக்கு, சூப்பர்சார்ஜர் போட்ட ரோட்டு வண்டிக்கு போர் அளவுல ஒரு அங்குலத்துக்கு 0.005 அங்குலம், ஆனா பிஸ்டன் கம்பெனி பேப்பர்ல வேற போட்டிருந்தா அதுதான் கணக்கு. என் போர் 3.83 அங்குலம், அப்ப 0.019, கிட்டத்தட்ட 0.49 மில்லிமீட்டர். ரிங்க சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டன தலைகீழா வச்சு ஒரு அங்குலம் கீழ தள்ளுங்க, அப்பதான் நேரா உக்காரும், அப்புறம் ஃபீலர் கேஜ் விடுங்க. பாக்ஸ்ல இருந்து வந்த என் ரிங் 0.30 மில்லிமீட்டர்தான் இருந்துச்சு. அப்படியே போட்டிருந்தா ஒரு கோடைகாலம் கூடத் தாங்கியிருக்காது.

ரிங் ஃபைல ஒரு முனைல மட்டும், வெளிப்பக்கத்துல இருந்து உள்பக்கமா ஓட்டுங்க, ரெண்டு இழுப்பு, அளவு, ரெண்டு இழுப்பு, அளவு. அதிகமா எடுத்துட்டா ரிங் போச்சு. முடிஞ்சதும் ஓரத்துல இருக்குற பிசிற நயமான கல்லுல தடவி எடுங்க. எந்த ரிங் எந்த சிலிண்டர்ல அளந்தீங்களோ அதே சிலிண்டருக்குத்தான் போகணும். ரெண்டு ராத்திரி ஆச்சு எனக்கு ஆறு சிலிண்டருக்கும்.

பேரிங்குக்கு பிளாஸ்டிகேஜ். காஞ்ச ஜர்னல் (பேரிங்ல உக்காருற கிராங்க் பகுதி) மேல அந்த மெழுகு நூல வச்சு, மூடிய முழு டார்க்குல (போல்ட் முறுக்குற விசை) முறுக்கி, கிராங்க்க சுத்தாம திரும்பக் கழட்டி, நசுங்குன அகலத்த அட்டையோட ஒப்பிடணும். டார்க் நம்பர் எதையும் நான் இங்க எழுதல, உங்க வருஷத்து சர்வீஸ் மேனுவல்ல இருக்குறதுதான் சட்டம். ஹெட் போல்ட் கோணக் கணக்குல நீளுற வகை, பழச திரும்பப் போடாதீங்க, ஆங்கிள் கேஜ் வாங்கிக்கங்க. போல்ட் ஓட்டைக்குள்ள தண்ணியோ ஆயிலோ தங்கியிருக்கக் கூடாது, ஏர் அடிச்சுக் காய விடுங்க, திரவம் இருந்தா டார்க் தப்பாக் காட்டும், பிளாக்கே விரிசல் விடும்.

முன்பக்கம் மூடுறதுக்கு முன்னாடி கேம் கியரோட குறி, கிராங்க் குறி, பேலன்ஸ் ஷாஃப்ட் குறி மூணும் ஒத்து வருதான்னு ரெண்டு பேர் பாருங்க. கேம் கியர்ல ஒரு சின்ன காந்தம் இருக்கும், சென்சார் அதத்தான் படிக்குது, பழைய இன்ஜின்ல அது உதிர்ந்து விழுறது சகஜம், புதுசு போட்டுடுங்க. ஆயில் பம்ப் முன் கவர்லயே இருக்கு, கீறல் இல்லன்னா பல்லுக்கு நடுவுல வாஸலின நல்லா அடைச்சு மூடுங்க, அப்பதான் முதல் சுத்துலயே ஆயில இழுக்கும். பெல்ட் டென்ஷனர் பக்கம் இருக்குற கூலன்ட் எல்போ ரெண்டும் பிளாஸ்டிக், தொட்டா பிஸ்கட் மாதிரி நொறுங்கும், கண்ண மூடிட்டு மாத்துங்க. லோயர் இன்டேக் கேஸ்கெட் அலுமினியம் ஃப்ரேம் வச்சது வாங்குங்க.

வண்டில ஏத்துனதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பிளக் இல்லாம, ஃப்யூல், இக்னிஷன் ஃப்யூஸ் இல்லாம, பத்து பத்து செகண்டா கிராங்க் பண்ணுங்க, மெக்கானிக்கல் கேஜ்ல ஆயில் பிரஷர் ஏறுற வரைக்கும். எனக்கு நாலாவது தடவைல முள்ளு எழுந்துச்சு. அப்புறம்தான் பிளக். ரோலர் லிஃப்டர்ங்குறதால 20 நிமிஷம் ரேஸ் பண்ணி வைக்குற பழைய முறையெல்லாம் தேவையில்ல, ஐடில்ல நிறுத்தி வைக்காம சூடானதும் ரோட்டுக்குப் போங்க, பாதி மிதி ஏத்தி, கால எடுத்து இறங்க விட்டு, மறுபடி ஏத்தி, ரிங் சுவத்துல உக்கார லோடு வேணும். முதல் ஆயில 50 கிலோமீட்டர்லயே மாத்துங்க, ஃபில்டர அறுத்து மடிப்ப விரிச்சுப் பாருங்க. 91 ஆக்டேனுக்குக் கீழ போடவே போடாதீங்க.

முழு பூஸ்ட் 800 கிலோமீட்டர் வரைக்கும் வேணாம். அதுக்கப்புறமும் முதல் தடவ மிதிக்குறப்ப பக்கத்துல ஒருத்தர் ஸ்கேன் டூல் பிடிச்சுட்டு நாக் ரிடார்ட் எண்ண (நாக்கிங்குக்காக கம்ப்யூட்டர் டைமிங்க எத்தன டிகிரி பின்னாடி இழுக்குதுங்குறது) பாக்கணும், அது நாலஞ்சு டிகிரிக்கு மேல போச்சுன்னா கால எடுத்துடுங்க, காரணம் கண்டுபிடிக்குற வரைக்கும் மிதிக்காதீங்க. எனக்கு முதல் நாள் 3 டிகிரி காட்டுச்சு, தேடுனா ஒரு பிளக் சரியா இறுகல, இறுக்குனதும் பூஜ்யம். 1000 கிலோமீட்டர்ல மறுபடி கம்ப்ரஷன் அடிச்சேன், ஆறும் 150லருந்து 158க்குள்ள, டிப்ஸ்டிக்ல ஆயில் போட்ட குறிலயே நின்னுச்சு.