பெரிய பவளத் தொட்டிக்கு மாறும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டிலுள்ள இரண்டடிக் கடல்நீர்த் தொட்டியில் மென்பவளங்கள் (கல் போன்ற கூடில்லாத பவள உயிர்கள்) நன்றாக வளரத் தொடங்கியதும் ஐந்தடித் தொட்டியின் மீது ஆசை வருவது இயல்பு. பெங்களூரு அடுக்ககம் ஒன்றில் அந்த மாற்றத்தைச் செய்தவன் என்ற முறையில், கண்ணாடிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். உப்பு கரைப்பதும் மீனைப் புதுநீருக்குப் பழக்குவதும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. தளம்

150 × 60 × 60 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 540 லிட்டர். உப்புநீர் மட்டும் 550 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ 100 கிலோ. தாங்கி, பாறை, கீழ்த்தொட்டி (மேல்தொட்டியிலிருந்து வடியும் நீரைச் சுத்திகரித்துப் பம்பால் திரும்ப ஏற்றும் சிறு தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற அளவில் வடிவமைக்கப்படுகின்றன. எனவே கூடத்தின் நடுவில் வைக்காமல், அடியில் உத்திரம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். அதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

2. தண்ணீர்

குடிநீருக்கான ஆர்.ஓ. கருவி போதாது, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) சுழியம் காட்டும் ஆர்.ஓ.டி.ஐ. வேண்டும்; ஆர்.ஓ.வுக்குப் பின்னும் மிஞ்சும் அயனிகளை நீக்கும் கருவி அது. அடுக்ககத்தின் நீர் மென்மையாக்கி கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர, டி.டி.எஸ்.ஸைக் குறைப்பதில்லை. முதல் நிரப்பலுக்கு 20 கிலோ உப்பு ஆகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் ஆண்டுக்கு மேலும் 50 கிலோ ஆகும்; கடைக்காரர் சொல்லும் விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். 2024 கோடையில் குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது, ஆர்.ஓ. கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பிடித்து வைப்பது நம் கடமை.

3. கீழ்த்தொட்டியில் காலியிடம்

இந்தப் படியில்தான் நிதானம் தேவை. மின்சாரம் நின்றதும் மேல்தொட்டி நீர், ஏற்றுக்குழாய் வழியாகவே கீழே திரும்பி வரும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், இந்த அகலத்துக்குச் செ.மீ. ஒன்றுக்கு 9 லிட்டர் வீதம் 27 லிட்டர் இறங்கும். வடிகுழாய்களில் நிற்கும் நீர் இதற்கு மேல். இந்த இறக்கத்தை நிறுத்தக் குழாயில் போடும் காற்றுத்துளை பாசியால் அடைபடும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

உப்புப் போடுவதற்கு முன், சாதாரண நீரை நிரப்பி, பம்பு ஓடும்போது கீழ்த்தொட்டியின் மட்டத்தை அழியா மையால் கோடிடுங்கள். பிறகு பம்பின் மின் இணைப்பைத் துண்டித்து, கடைசிச் சொட்டும் இறங்கும்வரை காத்திருந்து இரண்டாவது கோட்டைப் போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே நான்கு விரற்கடையாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் குழாயின் வாயை உயர்த்துங்கள். அதன்பின் எந்நாளும் முதல் கோட்டுக்கு மேல் நீர் ஊற்றக்கூடாது.

4. மின்சாரம்

பம்பு, அலையெழுப்பி, ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) மூன்றும் 110 வாட் என்றால் நாளுக்கு 2.6 யூனிட், 200 வாட் விளக்கு ஒன்பது மணி நேரத்துக்கு 1.8, கோடையில் நீரைக் குளிர்விக்கும் 300 வாட் சில்லர் எட்டு மணி நேரம் ஓடினால் 2.4. மாதக் கணக்கில் இதுவே 200 யூனிட்டைத் தாண்டுகிறது. வீடுகளுக்கு இலவச மின்சாரம் தரும் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் பயனடைபவர்கள், 200 யூனிட்டைத் தாண்டிய மாதத்தில் முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சில்லருக்குச் செலவிடுங்கள், விளக்கில் சிக்கனம் பாருங்கள் என்பது என் கருத்து. உப்பளவுக்கு மிதவைக் கருவி வேண்டாம். ஒளிவிலகலைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஆள்

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? ஆவியாகும் நீரைத் தானியங்கி ஈடுசெய்யும். ஆனால் அது பழுதடைந்தால் கவனிக்க, முதல் கோட்டைப் பார்க்கத் தெரிந்த பக்கத்து வீட்டார் ஒருவர் வேண்டும். ஈடுசெய்வது உப்பில்லாத நீரால் மட்டுமே என்பதை அவரிடம் எழுதியே கொடுங்கள். ஆவியாவது நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

பின்சேர்க்கை

மன்னார் வளைகுடாவிலிருந்து தெரிந்தவர் மூலம் பாறை கொண்டுவரலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. பாறைத்திட்டை உருவாக்கும் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். செயற்கைப் பாறை வாங்கி, பழைய தொட்டிப் பாறைகளில் சிலவற்றைப் புதிய கீழ்த்தொட்டியில் போடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அங்கிருந்து பரவும். பழைய மணலை அலசாமல் மாற்றாதீர்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்து அங்கேயே நிலைத்த பிறகு பவளங்களையும், எல்லாவற்றுக்கும் கடைசியாக மீன்களையும் மாற்றுங்கள்.