அம்மா அப்பாவை இத்தாலிக்குக் கூட்டிப் போகிறீர்களா? ஒரு ஏரி, ஒரு கடலோர ஊர் போதும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஐரோப்பா போவது இப்போது அதிசயமில்லை. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்ததும், காலமெல்லாம் பால்மரம் வெட்டிய அப்பாவையும் வெளிக்காட்டு வேலையில் முதுகு ஒடிந்த அம்மாவையும் ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் அதற்கு அவர்கள் தேர்ந்தெடுக்கும் வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை: பத்து நாளில் ஆறு நாடு, விடிகாலையில் பெட்டி கட்டு, பஸ்ஸில் அரை நாள் உட்கார், இறங்கி ஒரு போட்டோ, மறுபடி பஸ். முழங்கால் வலியோடு இருப்பவர்களுக்கு அது தண்டனை.

கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான். இத்தாலி மட்டும் போங்கள். அதிலும் ஒரு ஏரி, ஒரு கடலோர ஊர், இரண்டிலும் நாலு நாலு ராத்திரி. தங்கும் இடத்தை மாற்றாமல் அங்கிருந்தே படகிலும் ரயிலிலும் சுற்றுங்கள். இதை ஏஜெண்ட் இல்லாமல் நீங்களே போட்டுவிடலாம், கஷ்டமே இல்லை.

முதலில் மாதம். நம்மில் பலர் தீபாவளி முடிந்து ஆண்டு இறுதியில் போகலாம் என்று யோசிப்பார்கள். ஏரிக்கும் கடலுக்கும் அது சரிவராது. அக்டோபர் கடைசியோடு அங்கே சீசன் முடிந்துவிடும். ஏரியோரத்து ஓட்டல்கள் பல மார்ச் வரை கதவைச் சாத்திவிடும், படகுகள் குறைந்துவிடும், மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். ஆகஸ்டும் வேண்டாம், 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையைச் சுற்றி இத்தாலிக்காரர்கள் எல்லோரும் கடற்கரையில்தான் இருப்பார்கள், விலையும் ஏறிக் கிடக்கும். மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர், இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஆண்டு நடு விடுமுறை எந்தத் தேதியில் விழுகிறது என்று அந்த வருட நாட்காட்டியில் பாருங்கள், பெரும்பாலும் மே கடைசியை ஒட்டி வரும்.

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் இத்தாலியும் சேர்ந்த ஷெங்கன் கூட்டு நாடுகளுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள், அதனால் விமான நிலையத்தில் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். ஈட்டியாஸ் என்கிற இணையவழிப் பயண அனுமதியும் திட்டத்தில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் சமயத்தில் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள், அதன் பெயரில் காசு பிடுங்கும் தளங்கள் ஏற்கெனவே முளைத்துவிட்டன.

விமானத்துக்கு மிலான் மல்பென்சா. தோஹா, துபாய், இஸ்தான்புல் வழியாக வரலாம். போவது மிலான், திரும்புவது ரோம் என்றும் ஒரே டிக்கெட்டில் எடுக்கலாம், விலை பெரும்பாலும் அதிகம் வித்தியாசப்படாது. ஆனால் முதல் முறை போகிறவர்கள் மிலானிலேயே இறங்கி மிலானிலேயே ஏறுங்கள். ஏரியும் கடலும் அங்கிருந்து ரயிலில் எட்டும் தூரம்தான்.

இப்போது ஏரி. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் வடக்கு இத்தாலியில் பெரிய ஏரிகளே நாலைந்து இருக்கின்றன. கார்டாதான் மிகப் பெரியது, 370 சதுர கிலோமீட்டர். மஜ்ஜோரே அடுத்தது, அதன் வடக்கு முனை சுவிட்சர்லாந்துக்குள் போய்விடும். கோமோ இவற்றைவிடச் சிறியது, ஆனால் 400 மீட்டருக்கு மேல் ஆழம். தலைகீழாகக் கவிழ்த்த ஒய் எழுத்து மாதிரி மூன்று கையாகப் பிரியும், அந்த மூன்றும் சேரும் இடத்தில் வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ என்று மூன்று ஊர்கள். மூன்றுக்கும் நடுவே படகு போய்க்கொண்டே இருக்கும், ஒரு கரையிலிருந்து இன்னொன்றுக்குக் கால் மணி நேரம்தான்.

நடக்கத் தெம்பு இருக்கிற குடும்பமானால் வரென்னாவில் தங்கச் சொல்வேன். மிலான் சென்ட்ரலே நிலையத்திலிருந்து நேரடி ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, டிக்கெட் பத்து யூரோவுக்குள். ரயிலில் இடது பக்கம் உட்காருங்கள். லெக்கோ தாண்டியதும் தண்ணீர் ஜன்னலுக்குக் கீழேயே வந்துவிடும், குகைக்குள் போய்ப் போய் வெளியே வரும்போதெல்லாம் எதிர்க்கரை மலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் தெரியும். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு இறக்கத்தில் பத்து நிமிட நடை. ஆனால் ஊரே படிக்கட்டும் கல் பாவிய சந்தும்தான், பெரிய சக்கரப் பெட்டியை அதில் இழுப்பது பாடு. முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு மெனாஜியோ நல்லது, ஏரியோர நடைபாதை சமமாக நீண்டு போகும், ஒரே குறை ரயில் கிடையாது, வரென்னாவில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும்.

அம்மாவுக்குப் பூச்செடி என்றால் உயிர் என்றால் மே மாதத்தில் த்ரெமெட்சோவில் இருக்கும் வில்லா கார்லோத்தாவை விடாதீர்கள். அசேலியா, ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும் காலம் அது, படகு கிட்டத்தட்ட வாசலிலேயே இறக்கிவிடும். பெல்லாஜியோவில் கடை பார்க்கப் படிக்கட்டுச் சந்துகளில் ஏற வேண்டும். ஏற முடியாதவர்கள் தண்ணீரோரமாகவே வில்லா மெல்சி தோட்டம் வரை நடக்கலாம், அதுவே எனக்கு மேலே உள்ள கடைத்தெருவைவிடப் பிடிக்கும்.

கோமோவில் அறை விலை கட்டுப்படியாகவில்லையா? மஜ்ஜோரே ஏரிக்கரையில் ஸ்த்ரேசா இருக்கிறது. மிலானிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், ஏரியோரம் சமதளம், எதிரே பொர்ரொமெயோ தீவுகள். ஈசொலா பெல்லாவில் அரண்மனைத் தோட்டம் பத்து அடுக்காக எழும்பி நிற்கும், புல்வெளியில் வெள்ளை மயில் உலாவும். துறையில் தனியார் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள், முதலில் அரசுப் படகின் டிக்கெட் கூண்டில் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கார்டா. தெசென்சானோ, பெஸ்கியேரா இரண்டும் மிலான்-வெனிஸ் ரயில் பாதையிலேயே இருக்கின்றன, பெஸ்கியேராவுக்குப் பக்கத்தில் கார்டாலாண்ட் கேளிக்கைப் பூங்கா. ஆனால் அந்த ஏரி 50 கிலோமீட்டருக்கு மேல் நீளம், தெற்கே தங்கிக்கொண்டு வடக்கே உள்ள மல்ச்சேசினேவுக்கு ஒரு எட்டுப் போய் வரலாம் என்று நினைத்தால் நாள் முழுக்கப் படகில்தான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: அறை எடுப்பதற்கு முன்னால் படகு அட்டவணையைப் படியுங்கள். படகு எப்போது ஓடுகிறது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிறகுதான் எந்த ஊரில் தங்குவது என்றே முடிவு செய்ய வேண்டும். ஏரிப் படகு நிறுவனத்தின் தளத்தில் பருவத்துக்கு ஒரு அட்டவணை போடுவார்கள். சில நேரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சுத்தியல் குறுக்காக வைத்த மாதிரி ஒரு குறி இருக்கும், அது வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாளும். ரயில் அட்டவணையிலும் இதே குறிகள்தான். இதைக் கவனிக்காமல் ஞாயிறு சாயங்காலம் துறையில் நின்றால் அக்கரையில் இருக்கும் அறைக்குப் போக வழியே இருக்காது. அப்புறம் இன்னொன்று, கோமோவில் பிற்பகலில் தெற்கிலிருந்து ப்ரேவா காற்று எழும்பும், படகு கொஞ்சம் ஆடும். தலைசுற்றல் உள்ளவர்களைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் கண் அவர்கள்மேலேயே இருக்கட்டும். மலைத் தண்ணீர், நன்றாகவே குளிரும், கரையை விட்டுச் சில அடியிலேயே ஆழம் விழுந்துவிடும்.

கடலுக்கு வடமேற்குக் கரையிலிருக்கும் லிகூரியா போங்கள். மறுபடி மிலான் வந்து மாறினால் அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் சின்க்வே தெர்ரே வந்துவிடும். மொந்தெரோசோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள், 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அழகு அழகுதான், அறை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். பக்கத்தில் லெவாந்தோ என்று ஊர், சமமான தெரு, மணல் கடற்கரை, வீடு வாடகைக்கு எடுத்துச் சமைத்துக்கொள்ளலாம், அங்கிருந்து ரயிலில் ஒவ்வொரு ஊருக்கும் சில நிமிடம்தான். ஒரே நாளில் மூன்று நாலு ஊருக்கு ஏறி இறங்குவதானால் சின்க்வே தெர்ரே ரயில் அட்டை எடுங்கள். ஒரே ஊருக்குப் போய் வருவதானால் தனி டிக்கெட்டே போதும்.

வயதானவர்களோடு போனால் எது முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மொந்தெரோசோவில் நிலையத்துக்கு வெளியே வந்தாலே கடற்கரை. வெர்னாட்சாவில் நிலையத்திலிருந்து ஒரே தெரு நேராகத் துறைமுகத்துக்கு இறங்கும். கொர்னீலியா மட்டும் மேலே இருக்கிறது, நிலையத்திலிருந்து 382 படி, ஒரு சின்ன பஸ்ஸும் ஓடும், அதற்குக் காத்திருங்கள். ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே கடலைப் பார்த்தபடி போகும் காதலர் பாதை 2012இல் பாறை சரிந்து மூடப்பட்டு 2024இல் மறுபடி திறந்தார்கள். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஏறக்குறைய சமதளம், அம்மா அப்பாவால் தாராளமாக நடக்க முடியும். அதற்குத் தனி டிக்கெட், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். மற்ற மலைப்பாதைகள் வேறு விதம், செங்குத்து, சாதாரணச் செருப்போடு போனால் அபராதமே போடுவார்கள்.

கடல் படகில் ஏறுவதையும் சொல்லிவிடுகிறேன். பாறை ஊர்கள் சிலவற்றில் முறையான துறை கிடையாது. படகு தன் மூக்கைக் கரைக்கு அணைத்துப் பிடிக்கும், அதிலிருந்து ஒரு குறுகலான பலகைப் பாலத்தை இறக்குவார்கள், அலைக்குப் பாலமும் சேர்ந்து ஏறி இறங்கும், படகு ஆட்கள் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அமைதியான நாளில் பயமில்லை. அலை பெரிதாக இருந்தால் படகையே நிறுத்திவிடுவார்கள், ரயில் இருக்கிறது, கவலை வேண்டாம்.

தெற்கே அமால்ஃபி கடற்கரைப் பக்கம் போக ஆசையா? அங்கே பொசித்தானோ ஊர் முழுக்கப் படிதான், அதனால் சலெர்னோவில் தங்குங்கள். நீண்ட கடலோர நடைபாதை, ரோமிலிருந்து நேரடி வேக ரயில், அங்கிருந்து அமால்ஃபிக்கு அரை மணி நேரப் படகு. இந்த வழிக்குத்தான் ரோமிலிருந்து திரும்பும் டிக்கெட் உதவும். எந்தக் கரையானாலும் கார் எடுக்காதீர்கள். சாலை குறுகல், பழைய ஊர்களுக்குள் வெளி வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம், பெரியவர்களுக்கு இதுதான் பெரிய கவலை. கோமோ ஏரிக்கரையில் சோறே கிடைக்கும், வெண்ணெய் போட்ட சோற்றின் மேல் பொரித்த பெர்ச் மீன் துண்டு வைத்துத் தருவார்கள், ரீசோ ஏ பெஸ்சே பெர்சிகோ என்று கேளுங்கள். அதே ஏரியில் கிடைக்கும் அகோனே என்கிற மீனை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து அழுத்தி எடுக்கும் மிஸொல்தீனி நம் கருவாடுதான், சுட்டு, சோள மாவுக் களியான பொலெந்தாவோடு தருவார்கள், அப்பா நிச்சயம் ரசிப்பார். மொந்தெரோசோவில் நெத்திலி பேர் போனது. லிகூரியாவில் கடலை மாவில் சுடும் ஃபரினாத்தாவைச் சைவக்காரர்கள் தேடிப் பிடியுங்கள். மாடு சாப்பிடாதவர்கள் மான்ட்ஸோ, விட்டெல்லோ, ப்ரெசாவ்லா மூன்றையும் மெனுவில் பார்த்து ஒதுங்குங்கள், ராகு சாஸிலும் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக் கடைகள் ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும், ஆறு மணிக்கே பசிக்கும் அம்மாவுக்குக் கையில் ஒரு ஃபொகாச்சா ரொட்டி வாங்கி வைத்திருங்கள். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ கொபெர்த்தோ என்று வந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. ஊரிலிருந்து ஊறுகாய், சம்பல் கொண்டு போகலாம், கோழி ரெண்டாங்கும் பால்கோவாவும் கூடாது, இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டு போகத் தடை.

சில்லறை வேலைகள் சில. இரண்டு உருண்டைக் கால் பிளக் வாங்குங்கள், நம் மூன்று கால் அங்கே நுழையாது. ஓட்டலில் ஆளுக்கு, ராத்திரிக்கு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள், யூரோ நோட்டு கையில் இருக்கட்டும். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், வேக ரயிலுக்கு அது தேவையில்லை, ஆனால் சீக்கிரம் எடுத்தால்தான் மலிவு. மிலான் சென்ட்ரலேயில் டிக்கெட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உதவ வருகிறவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வேலைநிறுத்தம். இத்தாலியில் ஷோப்பெரோ அடிக்கடி நடக்கும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், வேலை நாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். அதனால் கடலோரத்திலிருந்து நேரே விமானத்துக்கு ஓடாதீர்கள். கடைசி ராத்திரியை மிலான் சென்ட்ரலே நிலையத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், மறுநாள் அங்கிருந்து மல்பென்சாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ரயில் நின்றாலும் நிலையத்து வாசலிலிருந்து விமான நிலைய பஸ் இருக்கிறது.