கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகிறதா?

ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு ஐ.பி. எண்ணை (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் முகவரி) நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் வண்டி வாசலில் நிற்க, டெலிவரி சலான் அடிக்கும் நேரத்தில்தான் இந்தக் கோளாறு படுத்தும்.

அணைந்து எழும் ரவுட்டர்கள் பலவும் யாருக்கு எந்த எண் என்ற கணக்கை மறந்து, முதலில் கேட்ட கருவிக்கு முதல் எண்ணைக் கொடுத்துவிடும். நேற்று 192.168.1.5-ல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.8-ல் இருக்கும், விண்டோஸ் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். டிரைவரை அழித்துத் திரும்பப் போடுவது வீண் வேலை.

பிரிண்டரின் நெட்வொர்க் விவரத் தாளை அச்சடித்தால் மேக் முகவரி, அதாவது கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண், கிடைக்கும். பிரவுசரில் திறக்கும் ரவுட்டர் செட்டிங்ஸில், டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐ.பி. எண் கொடுக்கும் ஏற்பாடு) பகுதியின் 'அட்ரஸ் ரிசர்வேஷன்'-ல் அதற்கு 192.168.1.50 போல வேறு எந்தக் கருவியிலும் இல்லாத எண்ணைக் கொடுங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் – போர்ட்ஸ்' போய் அதே எண்ணில் புது டிசிபி/ஐபி போர்ட் (ஐ.பி. எண் வழியாகப் பிரிண்டரை அடையும் இணைப்பு) சேருங்கள். கேபிளுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு, பிரிண்டர் எதில் இணைந்திருக்கிறதோ அதன் முகவரியைக் கொடுங்கள்; பலர் சறுக்குவது இங்கேதான்.

யூஎஸ்பி வயரில் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்துப் பகிர்ந்த பிரிண்டருக்கு இது உதவாது. அங்கே அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.