படுத்துவிட்ட கம்ப்யூட்டர் மெயில் அனுப்பாது

பெங்களூர் அல்சூரில் மாமா நடத்தும் பிரஸ்ஸில் ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். ராத்திரி நீலத்திரை காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும், காலையில் போய்ப் பார்த்தால் போட்ட வேலை பாதியில் நிற்கும். "எப்பப் படுக்குதுன்னு எனக்கு மெயில் வர்ற மாதிரி பண்ணுடா" என்றார். அரை மணி நேரம் போதும் என்று உட்கார்ந்தேன், மூன்று வாரம் இழுத்தது.

கிராஷ் ஆகும் நொடியிலேயே மெயில் போய்விடும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு. நீலத்திரை வந்துவிட்டால் நெட்வொர்க்கும் இல்லை, மெயில் அனுப்பும் புரோகிராமும் இல்லை. மெமரியில் இருப்பதை டிஸ்கில் ஒரு ஃபைலாக (டம்ப் ஃபைல்) கொட்டிவைப்பதோடு விண்டோஸின் வேலை முடிந்தது. மறுபடி பூட் ஆனபின், நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துக் காட்டும் இவென்ட் வியூவரில் விழும் பதிவைப் பிடித்துத்தான் மெயில் அனுப்ப வேண்டும்.

சரி, எந்தப் பதிவு? ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் ஓர் எண் உண்டு. நான் 41-ஐப் பிடித்தேன், மாட்டிக்கொண்டேன். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் எழுந்தாலே 41 விழும். பெங்களூரில் ஏப்ரல், மே சாயங்கால மழை தெரியும் அல்லவா, நாலு இடி இடித்தால் கரண்ட் போகும், உடனே மாமாவுக்கு "கிராஷ்" என்று மெயில். ஒரு வாரத்தில் அவர் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். 41-க்குள் பக்செக்கோட் (கிராஷுக்கான காரண எண்) 0 என்று இருந்தால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், இல்லை யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பார்கள். பிடிக்க வேண்டியது 1001, அதுவும் சிஸ்டம் லாகில் பக்செக் என்ற பெயரில் வருவது. அப்ளிகேஷன் லாகிலும் ஒரு 1001 உண்டு. அதைப் பிடித்தால் ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் தொங்கினால்கூட மெயில் கொட்டும்.

குறித்த நேரத்திலோ ஒரு பதிவு விழும்போதோ வேலையை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் மெயில் அனுப்பும் வசதி இருக்கிறதே என்று அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸ் 8-லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள், பவர்ஷெல் ஸ்கிரிப்ட்தான் வழி. அதில் உங்கள் சொந்த ஜிமெயில் பாஸ்வேர்டைப் போட்டால் 2022 மே 30-க்குப் பிறகு வேலை செய்யாது, இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். இதற்கென்று தனி மெயில் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள், ஸ்கிரிப்டை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். மெயில் சர்வரின் போர்ட் எண் 587. பூட் ஆனவுடன் இன்டர்நெட் வந்திருக்காது, அதனால் இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஓடும்படி வையுங்கள்.

டம்ப் ஃபைலை அப்படியே இணைத்து அனுப்புவதும் வேண்டாம். முழு டம்ப் ஜிபி கணக்கில் இருக்கும், ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. போனாலும் வம்புதான், கிராஷ் ஆன நேரத்தில் மெமரியில் கிடந்த பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அதோடு போய்விடும். நேரம், மெஷின் பெயர், ஸ்டாப் கோடு (அதே காரண எண்தான்), இந்த மூன்றே போதும்.

ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்த்து மெயில் வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் டூல் தொகுப்பில் 'நாட் மை ஃபால்ட்' என்ற சின்ன டூல் இருக்கிறது (பெயரைப் பாருங்கள்!), திறந்திருப்பதையெல்லாம் சேவ் செய்துவிட்டு அதை வைத்து உண்மையாகவே கிராஷ் செய்து பாருங்கள்.

இவ்வளவு செய்தும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) புகைந்துபோனால் ஒரு மெயிலும் வராது, எழுந்தால்தானே அனுப்புவதற்கு. அதனால் தினமும் காலை 9 மணிக்கு "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு வரி மெயில் போகும்படியும் வைத்தேன். அப்புறம் வந்த கிராஷ் மெயில் நான்கிலும் மெமரி மேனேஜ்மென்ட்டுக்கான அதே கோடு, எஸ்.பி. ரோட்டில் ஒரு ரேம் வாங்கி மாற்றினேன், கிராஷ் நின்றது. போன வாரம் மாமா போன் செய்தார். "காலை மெயில் வரலடா, மெஷின் போச்சா?" போய்ப் பார்த்தால் கூட்டிப் பெருக்க வந்த அம்மா ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார்.