ஒரே ஒரு பட்டனில் அம்மாவின் போன்

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது கை போய்விட்டது. இடது கையில் நடுக்கம். தொடுதிரையில் விரல் வைத்தால் லேசாக இழுபடும். போன் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொள்ளும். தம்பியைக் கூப்பிடப் போய் பால்காரருக்கு ரிங் போகும்.

ஆண்ட்ராய்டில் ‘ஸ்விட்ச் ஆக்சஸ்’ என்று ஒன்று இருப்பது தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. திரையில் இருப்பவற்றின் மேல் ஒரு கட்டம் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். இதற்கென்றே விற்கும் ஸ்விட்சுகள் நமக்குக் கட்டுப்படியாகாது. பரணில் கிடந்த பழைய யுஎஸ்பி கீபோர்டை போனோடு யுஎஸ்பி சாமான்களை இணைக்கும் ஓடிஜி கனெக்டரில் செருகி, ஸ்பேஸ் பாரை மட்டும் ‘செலக்ட்’ ஆக்கினேன். மற்ற கீகளைப் பிடுங்கிப் போட்டேன். பொக்கை வாய் மாதிரி இருக்கிறது என்று அம்மாவே சிரித்தார்.

முதல் நாள் சொதப்பல். நடுக்கத்தில் ஒரு அழுத்தல் இரண்டாகப் பதிந்தது. உள்ளே போன கையோடு வேறெதையோ திறந்துவிடும். செட்டிங்ஸைத் துழாவியதில் ‘டிபவுன்ஸ் டைம்’ கிடைத்தது. அதை முக்கால் நொடி ஆக்கியதும் இரண்டாவது அழுத்தலை போன் கண்டுகொள்ளவில்லை. கட்டம் நகரும் வேகத்தையும் ஓர் இடத்தில் இரண்டரை நொடி நிற்கும்படி குறைத்தேன். முகப்பில் நாலே ஐகான்கள்தான் விட்டுவைத்தேன், இல்லையென்றால் கட்டம் ஊரெல்லாம் சுற்றி வரும்.

சார்ஜ் போடும் ஓட்டையை கீபோர்டு பிடித்துக்கொள்வதுதான் தொல்லை. ராத்திரி கழற்றி சார்ஜ் போடுகிறேன். காலையில் மாட்ட மறந்தால் அம்மா கட்டில் கம்பியைத் தட்டுவார்.